இறுகிப்போன ஸ்டட், உடைந்த ஸ்டட்: கார் எஞ்சினிலிருந்து கழற்றும் முழுமையான வழிகாட்டி

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகும் சாலையில் பட்டறை வைத்திருப்பவனுக்கு ஸ்டட் உடைந்த வண்டி வருவது புதிதல்ல. ஸ்டட் என்பது ஒரு முனை எஞ்சினுக்குள் இறங்கி, மறு முனையில் நட்டு ஏறும் மரைக்கம்பி. உப்பளக் காற்றில் வருடம் முழுக்க நிற்கும் வண்டிகள் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சைலன்சர் மூழ்க நின்ற வண்டிகளும் வரும். எஞ்சின் புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் மேனிபோல்டைக் குனிந்து பார்த்தால் நட்டு எது, துரு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்து வண்டிகள் இவ்வளவு மோசமில்லை. கடலை நெருங்க நெருங்க வேலை கடினமாகும்.

புதிதாக வேலை பழகும் தம்பிகளுக்குக் கை பலமும் இருக்கிறது, கருவியும் இருக்கிறது. தடுமாறுவது வரிசையில்தான். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள். இந்த வேலையில் ஒரு படி பலிக்காமல் போனாலும், அடுத்த படிக்கு அது இடம் விட்டு வைத்திருக்க வேண்டும். நட்டின் முனையை மழுக்கிவிட்டால் ஸ்பேனருக்கு இனி வேலை இல்லை. நீட்டிக்கொண்டிருக்கும் துண்டை அவசரப்பட்டு அறுத்துவிட்டால் வைஸ் கிரிப் (இறுக்கிப் பூட்டிக்கொள்ளும் குறடு) பிடிக்க இடமில்லை. துளையைக் கோணலாகப் போட்டுவிட்டால் வெல்டிங்கும் சிரமம், மரையும் போய்விடும். அதனால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. ஸ்டட் எதில் இறங்கியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்

வார்ப்பிரும்பில் இறங்கிய ஸ்டட்டும் அலுமினியத்தில் இறங்கிய ஸ்டட்டும் ஒரே மாதிரி மாட்டிக்கொள்வதில்லை. பழைய அம்பாசடர் டீசலில் பிளாக் (எஞ்சினின் உடல்), ஹெட் (அதன் மேல் உட்காரும் மூடி) இரண்டுமே வார்ப்பிரும்பு. மாருதி 800-ல் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இன்றைய கார்களில் பெரும்பாலும் ஹெட் அலுமினியம்தான். சந்தேகம் வந்தால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு.

வார்ப்பிரும்பில் துரு பிடிக்கும்போது, அரித்த இரும்பை விடத் துரு அதிக இடத்தை எடுத்துக்கொள்கிறது. மரை இடுக்கில் அது ஆப்பு போல இறங்கி நிற்கும். அலுமினியத்தில் கதை வேறு. எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிக்கும், வெள்ளைப் பொடி கட்டும். அந்தப் பொடியும் இடத்தை அடைத்து இறுக்கும். ஆனால் அலுமினியத்தில் ஒரு நல்லது உண்டு. சூடாக்கினால் அது எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், துளை ஸ்டட்டை விட்டுக் கொஞ்சம் விலகிக் கொடுக்கும். அதனால் அலுமினிய ஹெட்டில் சூடு நமக்கு நண்பன்.

அடுத்து அளவு. பெரும்பாலான சிறிய கார்களில் மேனிபோல்ட் ஸ்டட் 8 எம்.எம்., மரை இடைவெளி 1.25. 10 எம்.எம். ஸ்டட்டில் 1.25, 1.5 இரண்டும் உண்டு. பக்கத்தில் நல்ல ஸ்டட் இருந்தால் மரை கேஜை வைத்துப் பாருங்கள், கண் மதிப்பீடு வேண்டாம். துளை அடி மூடியதா, தண்ணீர் ஓடும் பாதைக்குள் திறக்கிறதா என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பின்னால் டிரில் போடும்போது எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை இதுதான் முடிவு செய்யும்.

2. கையில் இருக்க வேண்டியவை

வேலையைத் தொடங்கும் முன்பே புது ஸ்டட்டும் புது நட்டும் மேஜையில் இருக்க வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும். பழையதைப் பிடுங்கிவிட்டுக் கடைக்குப் போனால், அந்த அளவு கும்பகோணத்திலும் இல்லை, தஞ்சாவூரிலும் இல்லை என்று வண்டி மூன்று நாள் திறந்தபடி கிடக்கும். புது ஸ்டட் கையில் இருந்தால் எவ்வளவு நீளம் உள்ளே போயிருக்கிறது என்றும் கணக்குப் பார்க்கலாம்.

கம்பி பிரஷ், அறுமுனை பாக்ஸ் ஸ்பேனர், வைஸ் கிரிப், சுத்தியல், கூரான சென்டர் பஞ்ச், அரம், 3 எம்.எம்.மிலிருந்து 6.5 எம்.எம். வரை நல்ல டிரில் பிட், வேகம் குறைக்கக்கூடிய டிரில் மெஷின், 8-க்கு 1.25 அளவில் மரை வெட்டும் டேப், ஒரு மெழுகுவர்த்தி, நெருப்பு வைக்கும் கை டார்ச், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. இடது பக்கம் சுற்றி வெட்டும் டிரில் பிட் கிடைத்தால் வாங்கி வையுங்கள். அடிக்கடி தேவைப்படாது, தேவைப்படும் நாளில் அரை நாள் வேலையை மிச்சம் செய்யும்.

பாக்ஸ் ஏன் அறுமுனையாக இருக்க வேண்டும் என்றால், பன்னிரண்டு முனை ஸ்பேனர் நட்டின் மூலையை மட்டும் பிடிக்கும். துருவில் கரைந்து சிறுத்த நட்டில் அது வழுக்கி மூலையை உருட்டிவிடும். அறுமுனை, நட்டின் பக்கத்தைப் பிடிக்கும். அளவு தளர்வாக இருந்தால் ஒரு எண் சிறிய பாக்ஸைச் சுத்தியலால் தட்டி ஏற்றுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மேனிபோல்ட் எஞ்சினின் பின்பக்கம், டேஷ்போர்டுச் சுவரை ஒட்டி இருக்கிறதா? டிரில் நேராக நுழைய இடமில்லை என்றால், ஸ்டட் உடையும் பட்சத்தில் ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். வண்டிக்காரரிடம் இதை வேலைக்கு முன்பே சொல்லுங்கள். உடைந்த பிறகு சொன்னால் அது சாக்காகத்தான் கேட்கும்.

3. ஊற வைப்பது முந்தின நாள் வேலை

காலையில் எண்ணெய் அடித்துப் பத்து நிமிடத்தில் ஸ்பேனர் போடுவது ஊற வைத்ததாகாது. முந்தின நாள் சாயங்காலமே தொடங்குங்கள்.

முதலில் கம்பி பிரஷ். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் இருக்கும் துருவை முழுக்க உதிர்த்துவிடுங்கள். உதிர்க்காமல் நட்டைக் கழற்றினால், அந்தத் துரு நட்டின் மரைக்குள் புகுந்து பாதி வழியில் இறுக்கும். தளர்ந்து வந்த நட்டு நடுவில் நின்று ஸ்டட்டை முறிப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

அப்புறம் எண்ணெய். துரு இளக்கும் ஸ்பிரே எதுவும் ஆகும். அசிட்டோனும் கியர் ஆயிலுக்குப் பதிலாக ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு ஊற்றும் மெல்லிய ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்தது நன்றாக இறங்கும். ஆனால் இரண்டும் பிரிந்து நிற்கும், ஒவ்வொரு முறையும் குலுக்கி ஊற்ற வேண்டும். அசிட்டோன் பெயிண்டையும் ரப்பரையும் கெடுக்கும், சட்டென்று தீப்பிடிக்கும். வெறும் மண்ணெண்ணெய் ஒன்றும் இல்லாததற்குப் பரவாயில்லை, அவ்வளவுதான்.

நட்டின் முகத்தில் மட்டும் அடிக்காதீர்கள். நட்டுக்குப் பின்னால், ஸ்டட் ஹெட்டுக்குள் நுழையும் இடத்திலும் போக வேண்டும். அடித்த பிறகு ஸ்டட்டின் தலையில் சிறிய சுத்தியலால் பத்துப் பதினைந்து தட்டு தட்டுங்கள். ஓங்கி அடிப்பதில்லை, அதிர வைப்பதுதான் நோக்கம். அந்த அதிர்வில் துருவில் மயிரிழை வெடிப்பு விழும், எண்ணெய் அதன் வழியே இறங்கும். ராத்திரி ஒருமுறை, காலையில் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள்.

4. நட்டை அசைப்பது

முதல் திருப்பு கழற்றும் பக்கமல்ல, முறுக்கும் பக்கம். ஒரு இழை அளவு முறுக்கப் பாருங்கள். துருவின் பிடி விடுவதற்கு எந்தப் பக்கம் அசைந்தாலும் போதும். அசைந்ததும் கழற்றும் பக்கம் கால் சுற்று, மறுபடி உள்ளே கொஞ்சம், மறுபடி எண்ணெய். இப்படி முன்னும் பின்னுமாகப் போனால் துரு பொடியாகி வெளியே வரும். ஒரே மூச்சில் வெளியே இழுத்தால் அந்தப் பொடி மரையில் கட்டிக்கொள்ளும்.

இப்போது கையின் உணர்வு முக்கியம். நட்டு நிஜமாகத் தளரும்போது ஒரு சிறிய 'டக்' கேட்கும், ஸ்பேனர் நகர்ந்த இடத்திலேயே நிற்கும். ஸ்டட் முறுகும்போது அப்படி இருக்காது. ரப்பரைத் திருப்புவது போல நகரும், கையை விட்டால் திரும்பி வரும். அந்த உணர்வு வந்த கணமே நிறுத்துங்கள். இன்னும் ஒரு அழுத்து அழுத்தினால் ஸ்டட் போய்விடும்.

ஸ்பேனரில் பைப்பைச் சொருகுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. 8 எம்.எம். ஸ்டட்டில் நட்டை முறுக்கப் பொதுவாக 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் விசைதான் சொல்வார்கள். இரண்டடி பைப்பின் நுனியில் பத்து கிலோ எடை அளவு அழுத்தினாலே 60 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். பத்து கிலோ என்பது பெரிய அழுத்தமாகக் கைக்குத் தெரியவே தெரியாது. அதனால் மெல்லிய ஸ்டட்டுக்குக் குட்டை ஸ்பேனர்தான் நல்லது, அதில் ஸ்டட் என்ன சொல்கிறது என்று கைக்குக் கேட்கும்.

நட்டு வரவே இல்லை என்றால் நட்டைப் பலி கொடுங்கள், ஸ்டட்டைக் காப்பாற்றுங்கள். நட்டைப் பிளக்கும் கருவியாலோ, கூரான உளியை நட்டின் ஒரு பக்கத்தில் ஸ்டட்டுக்கு இணையாக வைத்தோ பிளந்துவிடலாம். மேனிபோல்ட் வார்ப்பிரும்பு, பலமாக அடித்தால் விரிசல் விடும் என்பதை மறக்க வேண்டாம். நட்டு போனால் புது நட்டு வாங்கிக்கொள்ளலாம். ஸ்டட் முறிந்தால் நாள் முழுக்க வேலை.

நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் சுற்றி வெளியே வந்தால் பயப்படாதீர்கள். நமக்கு வேண்டியதும் அதுதான். வரட்டும்.

5. சூடு வைப்பது

சூட்டுக்கு முன் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் குழாய் பக்கத்தில் இருந்தால் கழற்றி மூடுங்கள். ஊற்றிய எண்ணெயைத் துடையுங்கள். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்பு வைக்கவே கூடாது. குளோரின் கலந்த கிளீனராக இருந்தால் சூட்டில் விஷ வாயு வரும், மூச்சில் கொஞ்சம் போனாலும் ஆபத்து. ஒரு வாளி மணல் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

எதைச் சூடாக்குவது என்பதில்தான் குழப்பம் வரும். நட்டு மாட்டியிருந்தால் நட்டைச் சுற்றிச் சூடு வையுங்கள், நட்டு விரியும். ஸ்டட் அலுமினிய ஹெட்டில் மாட்டியிருந்தால் ஸ்டட்டை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். வார்ப்பிரும்பில் மாட்டியிருந்தால் ஸ்டட்டையே மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கித் தானாக ஆற விடுங்கள். சூட்டில் விரியப் பார்க்கும் ஸ்டட்டைச் சுற்றியுள்ள இரும்பு விரிய விடாது, நெரிக்கும். ஆறும்போது அது முன்பிருந்ததை விடச் சற்று ஒடுங்கித் துருவை விட்டு விலகும். ஆற வைக்கத் தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடித்துவிடும்.

அலுமினியத்தில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். இரும்பு சிவந்து எச்சரிக்கும், அலுமினியம் சிவக்காது. சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகும், ஹெட் வார்க்கும் கலவை அதற்கும் முன்பே இளகிவிடும். பார்வைக்கு ஒரு மாற்றமும் இல்லாமல் திடீரென்று சரிந்து விழும். நமக்கு அவ்வளவு சூடு தேவையும் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் உடனே துள்ளிப் பறக்கும் சூடு போதும். கை டார்ச்சை ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். ஆக்ஸிஜன், அசிட்டிலீன் டார்ச் அலுமினியத்துக்கு வேண்டாம், பழகிய கை தவிர.

சூடாக இருக்கும்போதே மெழுகுவர்த்தியை ஸ்டட் நுழையும் இடத்தில் தொடுங்கள். மெழுகு உருகி இடுக்குக்குள் தானாக உறிஞ்சப்படும், மரைக்குள் வழவழப்புத் தரும். எண்ணெய் இந்தச் சூட்டில் புகைந்து போய்விடும், மெழுகு நின்று வேலை செய்யும். பிறகு கொஞ்சம் ஆற விட்டு, நான்காம் படியில் சொன்னபடி முன்னும் பின்னும் அசையுங்கள். ஒருமுறை சூட்டில் வரவில்லை என்றால் மூன்று முறை செய்யுங்கள். எனக்கு மூன்றாவது சூட்டில் வந்த ஸ்டட்தான் அதிகம்.

6. நட்டு வந்தது, ஸ்டட் நிற்கிறது

மரை நன்றாக இருந்து, ஸ்டட் வளையாமல் இருந்தால் அதைத் தொடாதீர்கள். கழற்றித்தான் ஆக வேண்டும் என்று எல்லா ஸ்டட்டையும் பிடுங்கப் போய், நல்லதாக இருந்த இரண்டை முறித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கழற்ற வேண்டியிருந்தால் இரட்டை நட்டு முறை. இரண்டு நட்டை ஸ்டட்டில் ஏற்றி, ஒன்றோடு ஒன்று எதிரெதிராக இறுக்குங்கள். இப்போது உள்பக்க நட்டில் ஸ்பேனர் போட்டுக் கழற்றும் பக்கம் திருப்புங்கள். வெளி நட்டைத் திருப்பினால் அது மட்டும் கழன்று வரும், புதியவர்கள் இங்கேதான் மாற்றிப் பிடிக்கிறார்கள். இதற்கும் வராவிட்டால் ஸ்டட்டைச் சுற்றி உருளை பிடிக்கும் ஸ்டட் கழற்றியோ வைஸ் கிரிப்போ. வைஸ் கிரிப்பை எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஹெட்டை ஒட்டிப் பிடியுங்கள், நுனியில் பிடித்தால் ஸ்டட் முறுகும்.

7. உடைந்துவிட்டது: உடனே எதையும் செய்யாதீர்கள்

உடைந்த கோபத்தில் கிரைண்டரை எடுத்து மட்டமாக்குவதுதான் முதலில் தோன்றும். வேண்டாம். டார்ச் லைட்டை எடுத்து உடைந்த முகத்தைப் பாருங்கள். அது நிறைய சொல்லும்.

முகம் முழுக்கப் புதிதாகப் பளபளத்து, முறுகிய கோடு தெரிந்தால் ஸ்டட் திருப்பும் விசையில் முறிந்திருக்கிறது. உள்ளே கெட்டியாக மாட்டியிருக்கிறது என்று பொருள். முகத்தில் பெரும்பகுதி பழைய துரு நிறமாகவும், ஒரு ஓரம் மட்டும் புதிதாகவும் இருந்தால் அது சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டு முன்பே விரிசல் விட்டிருந்த ஸ்டட். உள்ளே இருக்கும் துண்டு பல சமயம் தளர்வாகவே இருக்கும். கூரான பஞ்சை ஓரத்தில் சாய்த்து வைத்து, கழற்றும் திசையில் மெல்லத் தட்டினால் அப்படியே சுற்றிக்கொண்டு வந்துவிடும். இதைப் பார்க்காமல் நேராக டிரில் எடுத்தவர், விரலால் எடுத்திருக்கக்கூடிய துண்டுக்காக மரையைக் கெடுத்துக்கொள்வார்.

துண்டு அரை சென்டிமீட்டராவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அரத்தால் இரண்டு பக்கமும் தட்டையாக்கி ஸ்பேனர் போடலாம், வைஸ் கிரிப்பும் பிடிக்கும். திரும்ப ஐந்தாம் படியின் சூட்டையும் மெழுகையும் செய்துவிட்டுத்தான் திருப்ப வேண்டும். பிடிக்க இடமில்லை, முகம் மட்டமாகவோ சற்று உள்ளேயோ இருக்கிறது என்றால் அடுத்த படி.

8. நட்டு வைத்து வெல்டிங்

உடைந்த ஸ்டட்டுக்கு நான் முதலில் நம்புவது இதைத்தான். டிரில் போடுவதற்கு முன் இதை முயன்று பாருங்கள். இது பலிக்காவிட்டாலும் ஸ்டட்டின் நடு அப்படியே இருக்கும், பிறகு துளை போடலாம். துளை போட்ட பிறகு வெல்டிங்குக்கு வந்தால் பிடிக்கச் சதை குறைந்திருக்கும்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். எஞ்சின் கம்ப்யூட்டரின் சாக்கெட்டையும் ஆல்டர்னேட்டர் ஒயரையும் எடுத்துவிடுவது நல்லது. எர்த் கிளாம்பை எஞ்சினிலேயே, வேலை நடக்கும் இடத்துக்கு அருகில் மாட்டுங்கள். தூரத்தில் பாடியில் மாட்டினால் கரண்ட் எதன் வழியே போகும் என்று சொல்ல முடியாது. பேக்கிங் உட்காரும் முகத்தையும் திறந்திருக்கும் போர்ட்டையும் ஈரத் துணியாலோ தகட்டாலோ மூடுங்கள்.

ஸ்டட் முகத்தைக் கம்பி பிரஷால் பளபளவென்று ஆக்கி, எண்ணெய் துளியும் இல்லாமல் துடையுங்கள். மேலே ஒரு வாஷர், அதை வெல்டு செய்யுங்கள். அதன் மேல் ஒரு சைஸ் பெரிய நட்டு. நட்டின் துளை வழியாக நடுவில் தொடங்கி, ஸ்டட்டைப் பிடித்த பிறகு வெளியே நட்டை நோக்கி நிரப்புங்கள். துத்தநாகம் பூசிய வெள்ளை நட்டு வேண்டாம். அதன் புகை காய்ச்சல் வரவைக்கும், வெல்டும் ஓட்டை ஓட்டையாக விழும். கறுப்பு நட்டு எடுங்கள். பட்டறைகளில் சி.ஓ.டூ வெல்டிங் என்று சொல்லும் மெஷின் இருந்தால் வேலை சுலபம், கம்பி குறுகிய துளைக்குள் நேராக இறங்கும். சாதாரண ராடும் ஆகும், 2.5 எம்.எம். ராடில் ஒவ்வொரு முறையும் கசடைத் தட்டி எடுத்துவிட்டு நிரப்ப வேண்டும்.

அலுமினிய ஹெட்டில் வெல்டு ஒட்டிக்கொள்ளுமே என்று பயப்படுவார்கள். எஃகு வெல்டு அலுமினியத்தில் பிடிக்காது. ஸ்டட் இரண்டு மூன்று மில்லி உள்ளே இறங்கியிருந்தாலும், நடுவில் சிறிய புள்ளி புள்ளியாக வைத்து முகத்தை உயர்த்திக்கொண்டு வரலாம். ஆர்க்கை மட்டும் அலுமினியச் சுவரில் படவிடாதீர்கள்.

வெல்டு வைத்ததும் திருப்பாதீர்கள். சிவப்பு அடங்கட்டும், மெழுகைத் தொடுங்கள், இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள். சிவந்த நிலையில் எஃகு மெழுகு போல மெத்தென்று இருக்கும், திருப்பினால் அறுந்துவிடும். பிறகு முன்னும் பின்னும். இந்த முறையில் பாதி வேலையைச் செய்வது நட்டின் பிடி, மீதியைச் செய்வது ஸ்டட்டின் உள்ளே நேராக இறங்கும் சூடு.

நட்டு பிய்ந்துகொண்டு வந்தால் மறுபடி வையுங்கள். 2018 நவம்பரில் அடித்த கஜா புயலுக்குப் பின் ஒரு வேன் வந்தது. தென்னை மரம் சாய்ந்த தோப்பிலேயே பல வாரம் நின்றிருந்த வண்டி, மேனிபோல்டில் இரண்டு ஸ்டட் மட்டத்தில் முறிந்திருந்தது. ஒன்று இரண்டாவது நட்டில் வந்துவிட்டது. மற்றதில் நான்கு நட்டு பிய்ந்தது. கூட இருந்த தம்பி டிரில்லைக் கையில் எடுத்துவிட்டான். ஐந்தாவது நட்டு வைத்து, ஆறவிட்டு, மெழுகு வைத்துத் திருப்பியபோது மிக லேசாக நகர்ந்தது. ஒவ்வொரு முறை பிய்ந்தபோதும் ஸ்டட் சிவந்து ஆறியிருக்கிறது, பிடி தளர்ந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. பிய்ந்த நட்டைத் தோல்வியாக எண்ண வேண்டாம் என்று அன்று அவனுக்குக் காட்ட முடிந்தது.

9. துளை போட்டு எடுப்பது

வெல்டிங் முடியாத இடம், அல்லது பலிக்கவில்லை. இப்போதுதான் டிரில். முகத்தை அரத்தால் மட்டமாக்குவதும் இப்போதுதான், ஏனென்றால் சரிந்த முகத்தில் பிட் வழுக்கி ஓரத்துக்கு ஓடும்.

நடுவைக் குறிப்பதில் கால் மணி நேரம் செலவழியுங்கள். சென்டர் பஞ்சை முதலில் லேசாகத் தட்டி, நான்கு பக்கமிருந்தும் பார்த்து, தள்ளியிருந்தால் பஞ்சைச் சாய்த்து இழுத்து, சரியான பிறகே ஓங்கி அடியுங்கள். லேத் பட்டறையில் சொல்லி ஒரு புஷ் கடைந்து வாங்கினால் இன்னும் நல்லது. வெளியே மேனிபோல்டின் துளைக்குப் பொருந்தும்படி, உள்ளே 3 எம்.எம். துளையோடு. மேனிபோல்டை மற்ற ஸ்டட்டில் மாட்டி, புஷ்ஷைச் சொருகி அதன் வழியே துளை போடலாம். மேனிபோல்டின் துளை ஸ்டட்டை விடத் தளர்வாக இருக்கும், அதனால் அது நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

3 எம்.எம். பிட்டில் தொடங்குங்கள், மெதுவான வேகத்தில், எண்ணெய் சொட்டிக்கொண்டே. வேகமாகச் சுற்றினால் முனை தேய்ந்து, ஸ்டட்டின் மேல்தோல் கெட்டியாகி, அப்புறம் எந்த பிட்டும் இறங்காது. எவ்வளவு ஆழம் என்று அடையாளத்துக்குப் பிட்டில் ஒட்டும் டேப்பைச் சுற்றிக்கொள்ளுங்கள். பின்னால் தண்ணீர்ப் பாதை இருந்தால் அதற்குள் கண்மூடித்தனமாகப் போகக் கூடாது.

அப்புறம் 5 எம்.எம். இதை இடதுபக்கம் வெட்டும் பிட்டில், மெஷினை ரிவர்ஸில் வைத்துப் போடுங்கள். நடுவில் துளை விழுந்ததும் ஸ்டட்டின் இறுக்கம் குறையும். பிட் கடித்துப் பிடிக்கும் இழுப்பே ஸ்டட்டைக் கழற்றும் திசையில் சுற்றும். சில சமயம் பாதித் துளையில் அது சுற்றிக்கொண்டு வெளியே வருவதைப் பார்க்கலாம்.

வராவிட்டால் 6, பிறகு 6.5. துளை நடுவில் இருந்தால், 8 எம்.எம். ஸ்டட்டில் மெல்லிய மரைச் சுருள் மட்டும்தான் மிஞ்சும். அதைக் கூரான கம்பியால் முனையில் நெம்பி, சுருளாக இழுத்து எடுக்கலாம். டேப்பைக் கையால் இறக்கினால் மீதியும் பொடிந்து வரும்.

துளை ஒரு பக்கம் ஓடுகிறது என்று தெரிந்த இடத்தில் நிறுத்துங்கள். அலுமினியம் எஃகை விட மிருதுவானது. பிட் அந்தப் பக்கம் ஒருமுறை சாய்ந்தால் மேலும் மேலும் அங்கேயேதான் போகும். ஹெட்டைக் கழற்றி மில்லிங் மெஷின் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோவதுதான் வழி. அங்கே ஹெட்டை நேராகக் கட்டிவைத்து, ஸ்டட்டின் நடுவைப் பிடித்துத் துளை போடுவார்கள்.

10. ஈஸி அவுட்

ஈஸி அவுட் என்பது உடைந்த ஸ்டட்டில் போட்ட துளைக்குள் இறக்கி, கழற்றும் பக்கம் திருப்பும் கருவி. கடையில் விற்கும் பெட்டியைப் பார்த்து முதலில் இதைத்தான் எடுப்பார்கள், நான் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். முழு ஸ்டட்டே திருப்பும் விசை தாங்காமல் முறிந்திருக்கிறது. அதன் நடுவில் போட்ட துளைக்குள் நுழையும், அதைவிட மெல்லிய கருவி எப்படித் தாங்கும்? ஆப்பு போன்ற வடிவம் என்பதால் ஸ்டட்டை உள்ளிருந்து விரித்து மேலும் இறுக்கவும் செய்யும். ஈஸி அவுட் முறிந்தால் அது மிகக் கெட்டியான எஃகு, சாதாரண பிட் அதைத் தொடாது. கார்பைடு பிட்டோ, மின்பொறியால் அரித்து எடுக்கும் மெஷினோ வேண்டும். துளை போட்டதும் ஸ்டட் தளர்ந்துவிட்டது, வெளியே இழுக்கப் பிடி மட்டும் இல்லை என்ற நிலையில் அதைப் பயன்படுத்துங்கள்.

11. மரையைச் சுத்தம் செய்து புது ஸ்டட் போடுவது

டேப்பை எண்ணெய் தொட்டுக் கையால் இறக்குங்கள், அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே. காற்று அடித்துத் தூளை வெளியேற்றுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. அலுமினியத் தூளைக் காந்தம் எடுக்காது, அதனால் போர்ட்டை அடைத்த துணியை இதற்கு முன் எடுக்காதீர்கள். அடி மூடிய துளையில் எண்ணெய் தேங்கியிருக்கக் கூடாது. ஸ்டட் இறங்கும்போது அந்த எண்ணெய்க்குப் போக வழியில்லாமல் ஹெட்டையே வெடிக்க வைக்கும் அளவு அழுத்தம் வரும்.

மரை போய்விட்டால் ஹெலிகாயில் (மரைக்குப் பதிலாகத் துளைக்குள் இறக்கும் கம்பிச் சுருள்) போடலாம். 8-க்கு 1.25 அளவுக்கு 8.3 எம்.எம். துளை, அதற்கென்று வரும் தனி டேப். அலுமினியத்தில் நன்றாகப் போட்ட ஹெலிகாயில் பழைய மரையை விட உறுதியாகவே நிற்கும்.

புது ஸ்டட்டின் மரையில் செம்பு கலந்த ஆன்டி-சீஸ் (மரை மறுபடி இறுகாமல் இருக்கப் பூசும் பசை) மெல்லியதாகப் பூசி, கையால் அடி வரை விட்டு லேசாகப் பிடித்தால் போதும், முறுக்க வேண்டாம். மேனிபோல்டின் முகத்தை நேர்க்கோல் வைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் தேய்த்து மட்டமாக்கிய பிறகே மாட்டுங்கள், இல்லாவிட்டால் அதே ஓரத்து ஸ்டட்தான் மறுபடி முறியும். புது பேக்கிங், புது நட்டு. நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் மாறி மாறி, இரண்டு மூன்று தடவையாக முறுக்குங்கள். வண்டிக்கான புத்தகம் சொல்லும் விசை உலர்ந்த மரைக்கானது என்றால், ஆன்டி-சீஸ் பூசிய மரையில் அதை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளுங்கள். வழவழப்பில் அதே விசை ஸ்டட்டை அதிகமாக இழுக்கும்.

எஞ்சினை ஓட்டி நன்றாகச் சூடாக்கி அணையுங்கள். மறுநாள் காலை முழுக்க ஆறிய பிறகு நட்டுகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு நட்டு இன்னும் கால் சுற்று எடுக்கும். ஒரு வாரம் கழித்துப் பேக்கிங் ஓரத்தில் கறுப்புக் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த இடத்து நட்டையும் ஸ்டட்டையும் முதலில் சோதியுங்கள்.